மாணவர் ஆய்வை வெளியிடுதல்: குறிப்பேட்டிலிருந்து இதழுக்கும் காணொளிக்கும்

பள்ளி மாணவர்களின் ஆய்வு பெரும்பாலும் கண்காட்சி மேசையோடு முடிந்துவிடுகிறது. சார்ட் பேப்பரும் தெர்மாகோல் மாதிரியும் ஒரு நாள் நிற்கும், மறுநாள் பரணுக்குப் போகும். மதிப்பெண் போட்டவரைத் தவிர வேறு யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். ஓர் ஆய்வு வெளியாகிவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், செய்தவர்களை முன்பின் அறியாத ஒருவர் அதை எடுத்துப் படித்து, எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள், எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தாமே தீர்மானிக்க முடிய வேண்டும். விரும்பினால் தம் ஊரில் அதையே செய்து பார்க்கவும் முடிய வேண்டும். கட்டுரை அதற்கு ஒரு வழி, காணொளி இன்னொரு வழி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பள்ளிகளில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கும் அவர்களுடைய வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் இந்த இரு வழிகளையும் இந்த அத்தியாயம் விளக்குகிறது.

பள்ளிப் பிள்ளைகள் எழுதியதை அறிவியல் உலகம் ஏற்குமா என்ற சந்தேகம் ஆசிரியர்களுக்கே உண்டு. 2010 டிசம்பரில் லண்டன் ராயல் சொசைட்டியின் 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழ் வெளியிட்ட ஒரு கட்டுரையை எழுதியவர்கள் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிளாக்காட்டன் என்ற கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள்: 25 பேர், வயது 8 முதல் 10 வரை. பூக்களின் நிறத்தையும் அவை அமைந்திருக்கும் விதத்தையும் சேர்த்துப் பார்த்து எந்தப் பூவுக்குப் போவது என்று பம்பிள் தேனீ கற்றுக்கொள்ளுமா என்பது அவர்கள் கேள்வி. நரம்பியல் ஆய்வாளர் போ லாட்டோ உடனிருந்து வழிகாட்டினார். கட்டுரையில் மேற்கோள் பட்டியல் இல்லை, புள்ளியியல் சோதனை இல்லை, படங்கள் வண்ணப் பென்சிலால் வரைந்தவை. துறை வல்லுநர்கள் இருவரின் விளக்கக் குறிப்பையும் இதழ் கூடவே வெளியிட்டது. கேள்வி புதிதாகவும் செய்முறை தெளிவாகவும் இருந்ததால் மற்ற குறைகள் பொறுத்துக்கொள்ளப்பட்டன.

தமிழ்நாட்டில் இதற்கென்று ஏற்கெனவே ஒரு தடம் இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டை இங்கே நடத்திவருவது, 1980இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் தங்கள் வட்டாரச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து, மாவட்டம், மாநிலம், தேசம் என்று படிப்படியாக அறிக்கை வாசிக்கிறார்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பேசலாம். அறிக்கையோடு களக் குறிப்பேட்டையும் நடுவர்கள் கேட்டு வாங்கிப் பார்ப்பது இந்த மாநாட்டின் நல்ல வழக்கம். சென்னையின் மேற்குப் புறநகர்ப் பள்ளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருவாய் எல்லைப்படி அம்பத்தூர் சென்னை மாவட்டத்திலும், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கின்றன. எந்த மாவட்டத்தில் பதிவு செய்வது என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிவது நல்லது.

கேள்வியும் காலமும்

இந்த வட்டார மாணவருக்கு உள்ள பெரிய வசதி, ஆராய வேண்டிய பொருள் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என்று வரிசையாக ஏரிகள். திருவேற்காடு வழியே கூவம் போகிறது. 1960களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டியே குடியிருப்புகள் இருக்கின்றன. கழிவுநீர் கலப்பது குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போன ஏரி கொரட்டூர் ஏரி. விலை உயர்ந்த கருவி வைத்திருக்கும் வெளியூர் ஆய்வகம் ஒன்றால் இந்த ஏரிக்கரைக்கு வாரம் ஒரு முறை வந்துபோக முடியாது. பக்கத்துத் தெரு மாணவரால் முடியும்.

ஆனால் 'ஏரி மாசுபாடு' என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. 'அம்பத்தூர் ஏரிக்கரையிலிருந்து 100, 300, 600, 1000 மீட்டர் தொலைவில் உள்ள போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்) எப்படி மாறுகிறது?' என்பது கேள்வி. எதை அளக்க வேண்டும், எங்கே அளக்க வேண்டும், என்ன விடை வந்தால் ஊகம் தோற்கும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கின்றன. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பாக்கெட் மீட்டர் போதும். ஒப்பிடுவதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐஎஸ் 10500, 2012) இருக்கிறது. அதன்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு.

கருவியே வாங்க முடியாத குழுவுக்கும் வழி இருக்கிறது. ஏரிகளின் நீர் இருப்பைச் சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் இணையதளத்தில் வெளியிடுகிறது. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மழை பெய்த எத்தனையாவது நாளில் ஏரி ஏறத் தொடங்குகிறது என்பதை அந்த எண்களை வைத்தே ஒரு மாணவர் ஆராயலாம். ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்து பருத்திப்பட்டு ஏரியின் கூழைக்கடாக்களையும் கொக்குகளையும் எண்ணி இ-பேர்டு தளத்தில் பதிவது இன்னொரு வழி. அந்தப் பதிவே ஒரு வகை வெளியீடுதான். உலகின் எந்த மூலையில் உள்ள ஆய்வாளரும் அதைக் கேட்டுப் பெற்றுப் பயன்படுத்தலாம்.

பல குழுக்கள் தவறுவது காலக் கணக்கில். பள்ளி ஜூனில் திறக்கிறது, வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது, குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் மாவட்டக் கட்டம் பெரும்பாலும் அந்த மழைக்கு நடுவே வருகிறது, மார்ச்சில் பொதுத்தேர்வு. மழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடும் கேள்வியை ஜூலையில் எடுத்த குழுவுக்கு மாநாட்டு நேரத்தில் பாதித் தரவுதான் கையில் இருக்கும். அப்படிப்பட்ட கேள்வியை முந்தைய ஆண்டே தொடங்கியிருக்க வேண்டும், அல்லது மாநாட்டை விட்டுவிட்டு ஜனவரி அளவுகளையும் சேர்த்துக்கொண்டு நேரே இதழுக்கு எழுத வேண்டும். பொதுத்தேர்வு இல்லாத 9ஆம் வகுப்புதான் இந்த வேலைக்கு மிகத் தோதானது.

பாதுகாப்பிலும் அனுமதியிலும் தளர்வு கூடாது. கழிவுநீர் கலக்கும் ஏரியில் இறங்கி மாதிரி எடுக்கவே கூடாது. பெரியவர் ஒருவரோடு கரையில் நின்று, கயிற்றில் கட்டிய வாளியால், கையுறை அணிந்து எடுக்க வேண்டும். பறவைக் கூட்டையோ முட்டையையோ தொடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கவைக்கும். மனிதர்களிடம் கேள்வித்தாள் கொடுப்பதாயிருந்தால் கொடுப்பதற்கு முன்பே பள்ளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் பங்கேற்போரின் சம்மதமும் தேவை. பின்னால் வாங்கிச் சேர்த்த சம்மதத்தை நல்ல இதழ்கள் ஏற்பதில்லை.

குறிப்பேடு

கட்டுரைக்கான பாதி வேலை குறிப்பேட்டில் முடிந்துவிடுகிறது. பள்ளியில் 'ரெக்கார்ட் நோட்டு' எழுதிப் பழகிய கை, தாளில் கிறுக்கிக்கொண்டு வந்து வீட்டில் அழகாகப் படியெடுக்கவே போகும். அந்தப் பழக்கம் ஆய்வுக்கு ஆகாது. களத்தில் நிற்கும்போதே, தைத்த நோட்டில், பேனாவால் எழுத வேண்டும். தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடிக்கலாம், அழிக்கக் கூடாது. தேதி, நேரம், இடம், அளந்தவர் பெயர், வானிலை, மீட்டரின் எண், மூன்று அளவுகள் ஆகியவை ஒவ்வொரு பதிவிலும் இருக்க வேண்டும். மூன்று அளவுகளும் 640, 655, 980 என்று வந்தால் மூன்றாவதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சராசரி எடுக்கத் தோன்றும். அதைக் குறிப்பேட்டில் விட்டுவைத்து, பாட்டில் சரியாக அலசப்படவில்லையா, மீட்டர் முனையில் அழுக்கா என்று பார்த்து, மறு அளவு எடுத்து, நடந்ததை அப்படியே எழுதிவைத்தால் கட்டுரையில் நேர்மையான ஒரு பத்தி தானாகக் கிடைக்கும். ஒவ்வொரு நாள் மாலையிலும் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்பிவிடுவது மழைக்கால வீடுகளில் புத்திசாலித்தனம்.

கட்டுரை

எழுதும் வரிசையும் படிக்கும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. செய்முறையை முதலில் எழுதுவது எளிது, ஏனென்றால் அது நடந்தது. அடுத்து அட்டவணையும் வரைபடமும், பிறகு முடிவுகள், பிறகு விவாதம். முன்னுரையும் சுருக்கமும் கடைசியில். தமிழ்வழி மாணவர் முழுவதையும் தமிழில் எழுதி முடித்துவிட்டு, இதழ் ஆங்கிலம் கேட்டால் மட்டும் பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாம். தொடக்கத்திலேயே ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டினால் சொல்ல வேண்டியது சுருங்கிவிடும்.

செய்முறைப் பகுதிதான் கட்டுரையின் உயிர். 'பல இடங்களில் நீர் சேகரித்துச் சோதிக்கப்பட்டது' என்ற வாக்கியத்தை வைத்து யாரும் எதையும் திரும்பச் செய்ய முடியாது. 'மோட்டார் போட்டு 2 நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, அதே நீரால் மூன்று முறை அலசிய பாட்டிலில் பிடித்து, 10 நிமிடம் நிழலில் வைத்தபின், ஒரே மீட்டரால் மூன்று முறை அளக்கப்பட்டது. அட்டவணையில் இருப்பது மூன்றின் சராசரி' என்று எழுதினால் ஆவடியிலும் செய்யலாம், யாழ்ப்பாணத்திலும் செய்யலாம். பாக்கெட் மீட்டர் உண்மையில் அளப்பது நீரின் மின்கடத்துதிறனை. அதை ஓர் எண்ணால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது. அந்த எண் மீட்டருக்கு மீட்டர் வேறுபடும். ஆகவே மீட்டரின் பெயரும் மாதிரியும் கட்டுரையில் இருந்தாக வேண்டும். இதழுக்காகக் கட்டுரையைச் சோதிக்கும் மதிப்பாய்வாளர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

விவாதத்தில் மாணவர்கள் வழுக்கும் இடம் காரணம் சொல்வது. ஏரிக்குப் பக்கத்தில் டிடிஎஸ் அதிகம் என்று தரவு காட்டினால் அதிகம் என்று மட்டுமே எழுத முடியும். இன்ன ஆலைதான் காரணம் என்று பெயர் சொல்லத் தரவு இடம் தராது, அப்படி எழுதுவது அவதூறு வழக்குக்கும் வழிவிடும். போர் ஆழம், மண், பக்கத்துச் செப்டிக் டேங்க் என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றை வரிசைப்படுத்தி, எதை அளக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும் கட்டுரைக்கு மதிப்பு கூடவே செய்யும். தண்ணீர் கொடுத்த வீடுகளின் கதவெண்ணை வெளியிடக் கூடாது, தெருப் பெயர் போதும். தண்ணீர் மோசம் என்று அச்சில் வந்துவிட்டால் வீட்டுக்காரருக்கு வாடகைக்கு ஆள் கிடைக்காது. அடுத்த ஆண்டுக் குழுவுக்கு யாரும் பாட்டிலில் தண்ணீர் தர மாட்டார்கள்.

கட்டுரையாசிரியர் பட்டியலில் வேலை செய்தவர்கள் மட்டும் இடம்பெற வேண்டும். தலைமையாசிரியர், தாளாளர் பெயர்களை மரியாதைக்காகச் சேர்க்கும் வழக்கத்தை இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. அவர்களுக்கு நன்றிக் குறிப்பில் இடம் உண்டு. சாட்ஜிபிடி போன்ற கருவிகளைக் கட்டுரையாசிரியராகப் போட இதழ்கள் அனுமதிப்பதில்லை, மொழி திருத்தப் பயன்படுத்தியிருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். அவை தரும் மேற்கோள்களில் உண்மையில் இல்லாத கட்டுரைகளும் கலந்து வரும். கையில் எடுத்துப் படிக்காத எதையும் மேற்கோளில் சேர்க்கக் கூடாது. தட்டச்சில் ஒரு சிறு விஷயம்: பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு மற்றவர் கணினியில் புரியாத குறிகளாகத் திறக்கும். தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை.

எங்கே அனுப்புவது

தமிழில் சுருக்கமாக எழுதத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடு சேர்ந்து 1987 முதல் வரும் 'துளிர்' இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை 6 முதல் 9ஆம் வகுப்பினருக்காக நடத்தும் 'தேன்சிட்டு' இன்னொன்று. இவை ஆய்விதழ்கள் அல்ல, சிறுவர் இதழ்கள். அதனால் செய்முறையைக் கதைபோலச் சொல்லவும் ஒரே ஒரு வரைபடத்தோடு நிறுத்தவும் வேண்டும்.

மதிப்பாய்வுள்ள இதழ் வேண்டுமென்றால் ஹார்வர்டு ஆய்வு மாணவர்கள் 2011இல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் எமர்ஜிங் இன்வெஸ்டிகேட்டர்ஸ்' பள்ளி மாணவர்களுக்கென்றே இருக்கிறது. ஊகம் ஒன்றைச் சோதித்த ஆய்வாக இருக்க வேண்டும், வழிகாட்டியான பெரியவர் ஒருவரும் கட்டுரையில் சேர வேண்டும், மொழி ஆங்கிலம். அனுப்பியதிலிருந்து வெளிவரப் பல மாதம் ஆகும். மதிப்பாய்வாளர்கள் கேள்விகளோடு திருப்பி அனுப்புவார்கள். திருப்பி வந்ததை நிராகரிப்பு என்று நினைத்து விட்டுவிடும் குழுக்கள் உண்டு. ஒவ்வொரு கேள்வியையும் எழுதி, அதன் கீழே என்ன மாற்றினோம், மாற்றாவிட்டால் ஏன் என்று பதில் எழுதி அனுப்புவதுதான் முறை. 'ஃபிரான்டியர்ஸ் ஃபார் யங் மைண்ட்ஸ்' இதழைப் பற்றிப் பள்ளிகளில் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. அதில் எழுதுவது விஞ்ஞானிகள், மதிப்பாய்வு செய்வதே பிள்ளைகள். பள்ளி மாணவர்களுக்கான இன்ஸ்பயர்-மானக் திட்டம் தரும் 10,000 ரூபாயும் புதிய யோசனைக்கானது. ஆய்வு வெளியீட்டோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எச்சரிக்கை ஒன்று கட்டாயம் வேண்டும். இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டோம் என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்து, யுபிஐயில் பணம் கேட்டு, கட்டுரையாசிரியர் ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் 'சர்வதேச' இதழ் எதையும் படித்துப் பார்ப்பதில்லை. ஐஎஸ்எஸ்என் எண் இருப்பதைப் பெரிதாகக் காட்டுவார்கள். அது தொடர் வெளியீடுகளுக்குத் தரும் அடையாள எண்தான், தரத்துக்கான முத்திரை அன்று. பணம் வாங்கிக்கொண்டு ஆய்வையே எழுதித்தரும் 'வழிகாட்டல்' நிறுவனங்களும் இந்த வகைதான். இவற்றைவிடச் செலவில்லாத நல்ல வழி, அறிக்கையையும் தரவு அட்டவணையையும் வழிகாட்டி ஆசிரியரின் கணக்கில் ஜெனோடோ தளத்தில் இடுவது. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்தும் இந்தக் களஞ்சியம் ஒவ்வொரு பதிவுக்கும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் தருகிறது. யாரும் மதிப்பாய்வு செய்யவில்லை என்றாலும் யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம். இதழுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் மட்டும், முன்கூட்டி வெளியிட்டதை அந்த இதழ் ஏற்குமா என்று விதிமுறையைப் படித்துவிட்டு இட வேண்டும். காணொளிக்கும் இதே விதி பொருந்தும்.

காணொளி

2006இல் தொடங்கிய 'ஜோவ்' என்ற ஆய்விதழ், கட்டுரையோடு ஆய்வகச் செய்முறையைப் படமாகவும் வெளியிடுகிறது. எழுத்தில் எவ்வளவு விளக்கினாலும் கை அசைவு ஒன்றைப் பார்த்தால்தான் புரியும் என்பது அதன் அடிப்படை. மாணவர் காணொளிக்கும் இதுவே நல்ல முன்மாதிரி. 13 முதல் 18 வயதினருக்காக 2015இல் தொடங்கிய பிரேக்த்ரூ ஜூனியர் சேலஞ்ச் என்ற காணொளிப் போட்டி வேறு வகை. 2018இல் பெங்களூரு மாணவர் சமய் கோடிகா அதில் வென்றது உடலின் அன்றாடக் கடிகாரத்தை விளக்கிய காணொளிக்காக. தெரிந்த அறிவியலை விளக்குவது அது. சொந்த ஆய்வைக் காட்டும் காணொளியில் அளந்த கணமே மையம்.

ஆகவே படப்பிடிப்பைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைக்கக் கூடாது. ஆய்வு முடிந்தபின் நடித்துக் காட்டியதை ஆதாரம் என்று சொல்ல முடியாது. முதல் மாதிரி எடுக்கும் நாளிலேயே கைபேசியைக் கிடைமட்டமாக ஒரு ஸ்டாண்டில் வைத்து, பாட்டிலின் லேபிள், தண்ணீர் பிடிக்கும் கை, மீட்டரில் எண் நிலைக்கும் நேரம் ஆகிய மூன்றையும் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டத்தில் பிடிக்க வேண்டும். அளவு தெரிய வேண்டிய இடத்தில் ஸ்கேல் ஒன்று சட்டகத்துக்குள் இருக்கட்டும். மொத்த நீளம் மூன்று நிமிடம் போதும். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 100 சொல்லை ஒட்டியே வரும் என்பதால் பேச்சு 300 சொல்லுக்குள் அடங்க வேண்டும். கேள்விக்கு 20 நொடி, செய்முறைக்குப் பாதி நேரம், வரைபடம் ஒன்று, கடைசியில் எதைச் சொல்ல முடியவில்லை என்பது. வரைபடம் திரையில் வந்ததும் பேசுபவர் முதலில் அச்சுகளைப் படித்துச் சொல்லிவிட்டுப் பிறகு விளக்க வேண்டும். பின்னணி இசை தேவையில்லை, காப்புரிமைத் தகராறும் மிச்சம்.

குரலைத் தனியே, வீட்டில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவது நல்லது. அம்பத்தூர் ஓ.டி. நிறுத்தத்தின் ஹாரனையோ ஆவடி மார்க்க மின்ரயிலின் சத்தத்தையோ எந்தச் செயலியாலும் முழுதாக நீக்க முடியாது. கீழே தமிழ் வரிகள் ஓட வேண்டும். ஆங்கில வரிகளையும் தனிக் கோப்பாக ஏற்றினால் வெளிநாட்டுப் பார்வையாளருக்கும் மதிப்பாய்வாளருக்கும் உதவும்.

ஆவடியில் படமெடுப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை: கனரக வாகனத் தொழிற்சாலை, போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம், விமானப்படை நிலையம் ஆகியவற்றின் மதில் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. தடைசெய்யப்பட்ட இடங்களைப் படமெடுப்பது 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தின் கீழ் வரும் விஷயம். ஏரியை மேலிருந்து காட்ட ட்ரோன் வாடகைக்கு எடுக்கும் யோசனையையும் கைவிட வேண்டும். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் சிவப்பு மண்டலத்தில் முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடத் தடை விதிக்கின்றன. இராணுவ நிலையங்கள் சூழ்ந்த இடத்தில் தெரியாமல் செய்தோம் என்ற பதில் எடுபடாது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைபடம் ஒன்றைக் கையால் வரைந்து காட்டினாலே போதும்.

முகம் தெரியும் ஒவ்வொரு மாணவருக்கும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகவே கொள்கிறது. கைகளை மட்டும் காட்டினாலும் காணொளி நன்றாகவே இருக்கும். சீருடையில் பள்ளிச் சின்னம், பின்னால் வீட்டு எண், அடையாள அட்டை ஆகியவை சட்டகத்தில் விழுகின்றனவா என்று ஏற்றுவதற்கு முன் ஒரு முறை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். மாணவர் சொந்தக் கணக்கில் ஏற்றாமல் பள்ளியின் யூடியூப் கணக்கில், கருத்துப் பகுதியை மூடிவைத்து ஏற்றுவது பாதுகாப்பு. விவரக் குறிப்பில் அளந்த தேதிகள், வழிகாட்டியின் பெயர், முழு அறிக்கைக்கான டிஓஐ எண் மூன்றும் இருக்க வேண்டும்.

வெளியான பிறகு

தண்ணீர் கொடுத்த வீடுகளுக்கு அவரவர் போர் தண்ணீரின் டிடிஎஸ் அளவைத் தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது கடமை. ஒரு படி பள்ளி நூலகத்துக்கும், குறிப்பேட்டின் மூலப் பிரதி ஆய்வகத்து அலமாரிக்கும் போக வேண்டும். மாணவர்கள் பள்ளியை விட்டுப் போனபிறகு யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல அதுதான் இருக்கும். பிழை தெரியவந்தால் மறைக்காமல் திருத்த வேண்டும்: இதழுக்குத் திருத்தக் கடிதம், ஜெனோடோவில் புதிய பதிப்பு. யூடியூபில் ஏற்றிய காணொளியை அதே இணைப்பில் மாற்றி வைக்க முடியாது. அதனால் விவரக் குறிப்பின் முதல் வரியில் எந்த நிமிடத்தில் எந்த எண் தவறு, சரியான எண் எது என்பதைத் தேதியோடு எழுதி, பிழை பெரிதாக இருந்தால் புதுக் காணொளியை ஏற்றி அதன் இணைப்பைப் பழையதில் தர வேண்டும்.